நுண்ணுயிர் கண்ட புடைவை வணிகர்

உயிருள்ள உடல் யாவும் கலங்களால் ஆயவை என்பதை இன்று கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். வெங்காயத்தின் உள்ளுரியை மெல்லென உரித்து, கண்ணாடித் தட்டில் இட்டு, அயடீன் துளி ஒன்று விட்டு, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்க்கும் மாணவன் சில நிமிடங்களிற் கலச்சுவரையும் கருவையும் கண்டு, படம் வரைந்து, மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறான். இத்துணை எளிதாக நமக்குக் கிட்டும் இவ்வறிவை முதன்முதலிற் கண்டு கூறியவர்கள் பட்ட பாட்டை அவன் அறியான். அவன் மட்டுமன்று, நம்மிற் பலரும் அறியோம்.

அத்தகையோருள் ஒருவர் அன்ரனி வான் லீவன்ஹூக் என்பார். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனை அறியாதவர். புடைவை விற்றுச் சீவித்தவர். எனினும் பற்றீரியாவையும் ஒற்றைக்கல உயிர்களையும் மனித இனத்துள் முதற்கண் கண்டவர் அவரே. அவர் வரலாறு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகலின், அதனைச் சுருக்கமாக ஈண்டுக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

ஒல்லாந்து தேசத்திலே டெல்வ்ற் என்னும் நகரில் 1632ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் லீவன்ஹூக் பிறந்தார். டெல்வ்ற் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களை இட்டனர். அவற்றுட் பல வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் இன்றும் வழங்கிவருகிறது. கோட்டை அவர் கைக்கு வந்த அவ்வாண்டில் லீவன்ஹூக் தம் ஊரிலே புடைவைக்கடை வைத்திருந்த இளைஞர்.

அவர் தந்தையார் கூடை முடைபவர். தாயார் சாராயம் வடிப்போர் குலத்தவரல்லர். பியர் காய்ச்சுவோர் குடும்பத்தில் வந்தவர். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே தந்தையார் இறந்தார். சிறிதுகாலம் அயலூர்ப் பள்ளியொன்றிற் படித்தபின், பதினாறாம் வயதில், 1648இல், அம்ஸ்ரர்டாம் நகரத்துப் புடைவை வணிகர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். அவருடைய படிப்பு அவ்வளவில் முடிந்தது. 1654இல் டெல்வ்ற் திரும்பி, மணம் செய்து, சொந்தமாகக் கடை திறந்தார்.

அவர்தம் இல்வாழ்க்கை துயர் நிறைந்தது. பிறந்த குழந்தைகள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்தாள். மனைவியும் 1666இல் இறந்தார். 1671இல் மறுமணம் செய்த மனைவியையும் 1694இல் இழந்தார். இறுதிவரை தந்தைக்குத் துணையாக நின்றவள் மகள் மரியாவே.

1660இல் நகரசபையின் மண்டபத்தைக் காக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. 1669இல் நில அளவையாளராகத் தகுதி பெற்றார். 1679இல் நகருக்கு வரும் மதுப் பீப்பாய்களை அளந்து வரி கணிக்கும் பதவியும் பெற்றார். ஊரார் அவரை நாணயமானவராக மதித்தனர். அதே நகரில் அதே மாதத்தில் ஞானஸ்நானம் பெற்ற புகழ்மிகு ஓவியர் வேர்மீர் கடனாளியாக இறந்தபோது, அவர் சொத்தைப் பராமரிக்க 1676இல் நீதிமன்றம் நியமித்தவரும் லீவன்ஹூக்கே. அளத்தல், எண்ணுதல், கணக்கிடல் ஆகிய இவை அவருக்குத் தொழிலால் அமைந்த பழக்கங்கள். பிற்காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கு இவையே கைகொடுத்தன.

கலம் என்னும் பெயர்

இவ்விடத்தில் வேறொருவரைப் பற்றியும் கூறல் வேண்டும். இலண்டனில் றோயல் சங்கம் என்னும் அறிஞர் கழகத்திலே பரிசோதனைகளுக்குப் பொறுப்பாயிருந்தவர் றொபேட் ஹூக். அவர் 1665இல் வெளியிட்ட மைக்குறோகிறாவியா என்னும் நூல் நுணுக்குக்காட்டியிற் கண்ட பொருள்களின் பெரிய படங்களைத் தாங்கி வந்தது. தக்கையை மிக மெல்லிதாகச் சீவிப் பார்த்த ஹூக், அது தேன்கூடுபோலச் சிறுசிறு அறைகளாய் இருக்கக் கண்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் அவ்வறைகள் 120 கோடிக்கு மேல் இருக்கும் எனக் கணித்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் சிற்றறை என்னும் பொருளது.

நம் நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தில் அதனைக் கலம் என்று வழங்குகிறோம். கலம் என்பது பாத்திரத்துக்கும் மரக்கலத்துக்கும் பொதுவான பழந்தமிழ்ச் சொல். அறை வெறுமையாகவும் இருக்கலாம். கலம் என்றாலோ ஏதேனும் ஒன்றை ஏந்தி நிற்பது என்ற எண்ணம் உடன் தோன்றும். ஹூக் கண்டவை இறந்த தக்கையின் வெறும் சுவர்கள். அவற்றுள் முன்பு உயிர்ப்பொருள் இருந்ததென்பதை அவர் அறிந்திலர். உயிருள்ள கலங்களை, அவை அசைந்து திரியும் நிலையிலே, கண்டவர் டெல்வ்ற் நகரத்துப் புடைவை வணிகரேயாவர்.

அவர் செய்த கருவி

துணியின் நூலிழைகளை எண்ணித் தரம் பார்ப்பதற்கு வணிகர் உருப்பெருக்கும் வில்லையைப் பயன்படுத்துவது வழக்கம். லீவன்ஹூக் வில்லையுடன் பழகத் தொடங்கியது அவ்வாறே எனக் கருதுவர். வாங்கிய வில்லைகள் அவருக்கு அமையவில்லை. தாமே செய்யத் தொடங்கினார்.

அக்காலத்து அறிஞர் கையாண்ட நுணுக்குக்காட்டிகள் இரண்டு அல்லது மூன்று வில்லைகளைக் குழாயிற் பொருத்தியவை. ஒரு வில்லையின் குறை மற்றொன்றாற் பெருகும், உருவத்தின் ஓரங்களில் வானவிற் போல நிறங்கள் படரும், விளிம்பு மங்கும். ஆகவே அவற்றாற் சில பத்து மடங்குக்கு மேல் தெளிவாகக் காணல் அரிதாயிருந்தது. லீவன்ஹூக் அவ்வழியை விட்டு, ஒரே வில்லையைக் கொண்டார். கண்ணாடி மணி எவ்வளவு சிறியதோ அவ்வளவு உருப்பெருக்கம் மிகும் என்பது ஒளியியல் விதி. குண்டூசித் தலையளவான மணியை இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே பதித்தார். பார்க்கவேண்டிய பொருளை ஓர் ஊசிமுனையில் ஒட்டி, அதனைத் திருகாணிகளால் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தினார். தீப்பெட்டி அளவினதாகிய அக்கருவியைக் கண்ணோடு ஒட்டப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தார். எஞ்சியுள்ளவற்றுட் சிறந்ததொன்று, உத்திரெக்ற் பல்கலைக்கழகத்து நூதனசாலையில் இருப்பது, 260 மடங்குக்கு மேற் பெருக்கிக் காட்டவல்லது. தம் வாழ்நாளில் அவர் 500க்கு மேற்பட்ட வில்லைகளை ஆக்கினார்.

கடிதங்கள்

லீவன்ஹூக் நூலெழுதினாரல்லர், கடிதம் எழுதினார். டெல்வ்ற் நகரத்து இளமருத்துவர் றெய்னியர் டி கிறாவ் என்பார் 1673இல் றோயல் சங்கத்தின் செயலாளர் ஒல்டன்பேக்குக்கு எழுதி, தம் ஊரில் இத்தகைய ஒருவர் உளர் என அறிமுகஞ் செய்தார். அறிமுகஞ் செய்த சில மாதங்களுள் அம்மருத்துவர் 32 வயதில் இறந்தார். அவர் திறந்துவிட்ட வழியோ ஐம்பது ஆண்டு அடைபடவில்லை. பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றிய முதற்கடிதம் அவ்வாண்டிலேயே இலண்டன் சேர்ந்தது.

லீவன்ஹூக் எழுதியதெல்லாம் தாய்மொழியாகிய ஒல்லாந்த மொழியிலேயே. சங்கத்தார் அவற்றை மொழிபெயர்ப்பித்துத் தம் வெளியீட்டிற் பதிப்பித்தனர். உண்மையான ஆராய்ச்சி எம்மொழியில் எழுதப்படினும் உலகம் அதனைத் தேடி வரும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ!

1674இல் தம் குருதியை நோக்கி, அதிலுள்ள செங்குருதிச் சிறுதுணிக்கைகளை விவரித்தார். அவ்வாண்டு ஊருக்கு அண்மையிலுள்ள ஏரியொன்றின் நீரைக் கொணர்ந்து பார்த்தார். சுருண்ட பச்சை இழைகளும், அவற்றிடையே விரைந்து திரியும் நுண்ணிய பிராணிகளும் தென்பட்டன. ஒற்றைக்கல உயிர்களை மனிதன் கண்டது அதுவே முதன்முறை.

பின்னர் மிளகின் உறைப்புக்குக் காரணம் யாதென அறிய விரும்பினார். மிளகின் துகள்கள் முட்போன்றிருந்து நாவைக் குத்துகின்றனவோ என்பது அவர் ஐயம். மிளகை நீரில் ஊறவைத்து, சில கிழமைகளின்பின் 1676 ஏப்பிரிலில் அந்நீரைப் பார்த்தார். முட்கள் எவையும் இல்லை. ஆனால் முன்பு கண்டவற்றினும் மிகச் சிறிய உயிர்கள் எண்ணிறந்தன அசைந்தன. அவற்றுட் சில பற்றீரியாவேயென இன்று அறிஞர் கொள்வர். இவற்றையெல்லாம் விரித்து 1676 ஒக்டோபர் 9ஆம் நாள் நீண்ட கடிதமொன்று எழுதினார்.

ஐயமும் சோதனையும்

இக்கடிதத்தை இலண்டன் அறிஞர் எளிதில் நம்பவில்லை. ஒரு துளி நீரிலே ஆயிரமாயிரம் உயிர்கள் என்பதை எவ்வாறு ஏற்பது? சொல்பவரோ பட்டம் பெறாதவர். அவருடைய கருவியைப் போன்றதொன்று அவர்களிடம் இல்லை. அவரும் அதனை அனுப்பினாரல்லர்.

ஈண்டு இரு திறத்தாரும் நடந்துகொண்ட முறை கருதத்தக்கது. லீவன்ஹூக் சினந்து கடிதம் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. ஊரிலுள்ள மதகுருமார், நொத்தாரிசு முதலிய மதிப்புக்குரிய எண்மரை அழைத்து, தாம் கண்டதை அவர் தாமே கண்ணாற் காணச் செய்து, அவர்தம் கையொப்பமிட்ட சான்றிதழ்களை 1677இல் இலண்டனுக்கு அனுப்பினார். எண்ணிக்கையை எவ்வாறு கணித்தார் என்பதையும் விளக்கினார். மணற்பருக்கை ஒன்றன் குறுக்களவோடு அவ்வுயிரின் அளவை ஒப்பிட்டு, நில அளவையாளர் கணிக்கும் முறையிலே பருமனைக் கணித்துக் காட்டினார்.

சங்கத்தாரும் பட்டமில்லாதவர் கூற்றென அதனை ஒதுக்கிவிடவில்லை. பட்டயங்கள் வந்தனவென்று அப்படியே ஒப்புக்கொள்ளவுமில்லை. தாமே செய்து பார்க்கத் துணிந்தனர். முதல் முயற்சிகள் பயன்படவில்லை. ஈற்றில் றொபேட் ஹூக் மிளகுநீர் ஊறவைத்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் ஏற்றி, நல்ல வில்லையொன்று செய்து நோக்கினார். 1677 நவெம்பர் 15ஆம் நாட் கூட்டத்தில் அங்கத்தவர் பலர் அவ்வுயிர்களைத் தம் கண்ணாலே கண்டனர். ஐயம் ஒழிந்தது. 1680இல் புடைவை வணிகரைத் தம் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தனர். அவர் ஒருநாளும் அச்சங்கத்தின் கூட்டத்துக்குப் போனதில்லை.

ஒருவர் சொன்னதை மற்றொருவர் செய்து பார்த்துத் தேறுவதே விஞ்ஞானத்தின் உயிர்நிலை. சொன்னவர் யார் என்பது ஆங்கு முடிவான அளவையன்று. இவ்வுண்மையை நூல்களிற் படிப்பதினும் இந்நிகழ்ச்சியிற் காண்பது தெளிவு.

மேலும் கண்டவை

அதன்பின் அவர் நோக்காத பொருள் இல்லை எனலாம். 1677இல் விந்தணுக்களைக் கண்டார். அது மருத்துவ மாணவர் ஒருவர் முதலிற் சுட்டியது என்பதையும் மறையாது எழுதினார். கோட் மீன் ஒன்றன் விந்திலுள்ள உயிர்களை 15,000 கோடி எனக் கணித்து, அதனோடு ஒப்பிடுவதற்காக உலகம் முழுதும் நிறைந்தால் எத்தனை மனிதர் வாழலாம் என்றும் 1679இற் கணக்கிட்டார். ஒல்லாந்தின் மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் அடிப்படையாகக் கொண்ட அக்கணக்கின் விடை ஏறத்தாழ 1,338 கோடி. 2022இல் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிற்று என்பதை நினைக்க, அக்கணக்கின் துணிவு வியக்கவைக்கிறது.

1683இல் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்மையான அழுக்கை எடுத்து நோக்கினார். நாடோறும் உப்பினாற் பல் தேய்ப்பவராயினும் அதிலும் பற்றீரியா திரண்டிருந்தன. வாழ்நாளிற் பல் துலக்கியறியாத முதியவர் ஒருவரின் வாயில் அவை இன்னும் மிகுந்திருந்தன. தசைநார்களின் வரிகளையும் அவர் வரைந்தார். மீனின் குருதித் துணிக்கைகளின் நடுவே தெளிந்த புள்ளியொன்றையும் குறித்துவைத்தார். பிற்காலத்தார் கரு என்றது அதனையே.

குருதி நாடிகளிலிருந்து நாளங்களுக்கு எவ்வாறு செல்கிறது என்பதை இத்தாலிய அறிஞர் மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலிற் கண்டிருந்தார். லீவன்ஹூக் 1688இல் வாற்பேயின் வாலிலும் பிறவற்றிலும் அவ்வோட்டத்தைத் துணிக்கை துணிக்கையாகத் தொடர்ந்து கண்டு விவரித்தார். 1698இல் உருசியச் சக்கரவர்த்தி மகா பீற்றர் டெல்வ்ற் நகருக்குப் படகில் வந்தபோது, விலாங்கு மீனின் வாலில் ஓடும் குருதியை அவருக்குக் காட்டி மகிழ்வித்தார்.

அழுக்கிலிருந்து தெள்ளும், தானியத்திலிருந்து வண்டும் தாமே தோன்றும் எனப் பலரும் நம்பிய காலம் அது. களஞ்சியத்து வண்டு முட்டையிலிருந்தே பிறக்கின்றது என்பதை அவர் படிமுறையாகக் காட்டினார். 1702இற் கூரைப் பீலியில் உலர்ந்து கிடந்த மண்ணுக்கு நீர் வார்க்க, காய்ந்த துகள்போற் கிடந்த நுண்பிராணிகள் மீண்டும் அசைந்து நீந்தக் கண்டார்.

அவர் மறைத்தது

இத்துணைச் சிறப்புடையாரிடத்தும் ஒரு குறை இருந்தது. தம்மிடம் வருவோர்க்குச் சாதாரணக் கருவிகளைக் காட்டுவார். மிகச் சிறந்தவற்றைக் காட்டார். நுண்ணுயிர் காணும் முறையையும் வில்லை செய்யும் வகையையும் எவர்க்கும் சொல்லார். இளைஞர் சிலரைப் பயிற்றும்படி மெய்யியலறிஞர் லைப்னிட்ஸ் வேண்டியபோதும் அவர் இசையவில்லை. பணமும் புகழும் தேடுவோரே மிகுதி, பொறுமையோடு காண்பார் அரியர் என்பது அவர் எண்ணம்.

அவர் 1723 ஓகத்து 26ஆம் நாள் தமது 90ஆம் வயதில் இறந்தார். நோயுற்றுக் கிடந்த இறுதி நாளிலும், தாம் எழுதிய இரண்டு கடிதங்களை இலத்தீனில் மொழிபெயர்த்து இலண்டனுக்கு அனுப்பும்படி நண்பரொருவரை வேண்டிக்கொண்டார். வெள்ளியாற் செய்த 26 நுணுக்குக்காட்டிகளைச் சங்கத்துக்குக் கொடையாக விட்டார். மரியா அவற்றைத் தவறாது அனுப்பினாள். ஆயின் அவை 19ஆம் நூற்றாண்டிற் காணாமற் போயின. ஏனையவை 1747இல் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. செய்முறை அவருடனே புதைந்தது. அவர் கண்ட பற்றீரியாவை அவரைப்போலத் தெளிவாகக் காண உலகம் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அவ்வுயிர்கட்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பாஸ்ரர், கொக் ஆகியோர் காலத்திலேயே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, நிலைநாட்டப்பட்டது.

அம்மறைபொருள்தான் என்ன? 2021இல் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் உத்திரெக்ற் கருவியை டெல்வ்ற் நகரிலேயே நியூத்திரன் கதிர்களால் ஊடுருவி நோக்கினர். தகடுகளைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் வில்லையின் வடிவம் தெரிந்தது. அது தேய்த்துச் செய்ததன்று. மெல்லிய கண்ணாடி இழையின் நுனியைச் சுடரில் உருக்கத் திரண்ட மணி அது. இழையின் ஒட்டும் அதில் எஞ்சியிருந்தது. அம்முறையோ றொபேட் ஹூக் தம் 1665ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலே யாவரும் அறிய எழுதிவைத்தது! ஒருவர் வெளிப்படுத்தியதை மற்றவர் கையாண்டு உச்சிக்கு உயர்ந்தார். ஆனால் தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்குக் காட்டினாரல்லர்.

பின் வந்தோர்

1831இல் றொபேட் பிறவுண் தாவரக் கலத்தின் உள்ளே காணும் பொருளுக்குக் கரு எனப் பெயரிட்டார். தாவரம் யாவும் கலங்களால் ஆயவை என ஷ்லைடன் 1838இலும், விலங்கும் அவ்வாறே என ஷ்வான் 1839இலும் கூறினர். கலம் கலத்திலிருந்தே தோன்றும் என்பதை விர்க்கோ 1850களில் வற்புறுத்தினார். 1931இல் ஜேர்மனியில் நொல், றஸ்கா ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியை அமைத்தனர். ஒளியாற் காணவியலாத இழைமணியின் உள்மடிப்பும் மென்சவ்வுகளும் அதனாற் புலப்பட்டன. ஆயினும் அதற்காகக் கலத்தை உலர்த்தி, மெல்லிதாகச் சீவி, வெற்றிடத்தில் வைத்தல் வேண்டும். அங்குக் காண்பது உயிரற்ற கலத்தையே. உயிருள்ள கலத்தைக் காணும் ஆசையோ அறிஞரை விட்டபாடில்லை. ஒளிரும் மூலக்கூறுகளைக் கலத்தினுட் செலுத்தி, ஒளிநுணுக்குக்காட்டியின் பழைய எல்லையைக் கடந்து காணும் வழி வகுத்த மூவர்க்கு 2014இல் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஏரிநீரிற் கலங்கள் உயிரோடு அசையக் கண்டு மகிழ்ந்த லீவன்ஹூக்கின் வழித்தோன்றல்கள் என இவர்களைக் கூறினும் பொருந்தும்.

மாணவச் செல்வர்களே! வசதியில்லை, பட்டமில்லை, பிறமொழி வாராது என்று சோர்வுறுவார்க்கு இவர் வரலாறு ஊன்றுகோலாகும். கையாற் செய், கண்ணாற் பார், அளந்து எழுது, ஐயுற்றார்க்குச் சினவாது சான்று காட்டு. இவை அவரிடம் நாம் கொள்ளத்தக்கவை. கொள்ளத்தகாதது ஒன்றும் உண்டு. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டு மறைந்தால், அடுத்தவர் மீண்டும் அடியிலிருந்தே தொடங்கல் வேண்டும். ஒரு கல்லூரி தலைமுறை தலைமுறையாக நிலைப்பது, முன்னே படித்தவர் தாம் அறிந்ததைப் பின்னே வருவார்க்கு ஒளியாது கொடுப்பதனாலன்றோ? இவ்விழாக் காலத்தில், ஆய்வுகூடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கிக் கொடுக்கும் பழைய மாணவரும், அதன் திருகாணியைத் திருப்பும் முறையைத் தம்பி ஒருவனுக்குப் பொறுமையோடு காட்டும் மேல்வகுப்பு மாணவனும், அப்பெரியார் செய்யாது விட்ட பணியைச் செய்பவர் ஆவர்.